இடது காதில் கேட்ட பத்தாயம்

எங்கள் வீட்டில் பேய்ச் சத்தம் கேட்கக் கூடாது என்று அப்பா சொல்லியிருந்தார். கரமனையில் எங்கள் தெருவில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் எங்களுக்குக் கேட்கும். எங்கள் வீடியோ விளையாட்டில் செத்து எழுந்த பேய்கள் உறுமுவது அவர்களுக்குக் கேட்கும். விளக்கு வைக்கிற நேரத்தில் அது சரியில்லை என்பதை நாங்களும் ஒப்புக்கொண்டோம். அதனால் அக்காவும் நானும் ஒரே இயர்ஃபோனைப் பங்கிட்டுக்கொண்டு ஆடினோம். டிவிக்கு எதிரே விரித்த பாயில் அக்கா இடப்பக்கம், நான் வலப்பக்கம். இடது குமிழ் அவள் காதில், வலது குமிழ் என் காதில்.

நான் அப்போது பொறியியல் படித்துக்கொண்டிருந்தேன். அக்கா வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தாள். விளையாட்டு ஒரு பாழடைந்த நகரத்தின் அடியில் நடக்கும்: ரயில் சுரங்கங்கள், தண்ணீர் தேங்கிய நிலவறைகள், இருட்டு. துப்பாக்கி உண்டு, ஆனால் தோட்டா எப்போதும் போதாது. சுடத் தெரிந்தவன் அதில் பிழைப்பதில்லை, தேடத் தெரிந்தவன்தான் பிழைப்பான். முன்னால் வந்துபோனவர்கள் அங்கங்கே பொருள் ஒளித்துவைத்திருப்பார்கள். போலி அலமாரிக்குப் பின்னால், தரைப்பலகைக்கு அடியில், பூட்டிய கருவி அறைக்குள். கொஞ்சம் தோட்டா, கட்டுத்துணி, லாந்தர் எண்ணெய், மருந்துக் குப்பி. இந்த மறைவிடங்களுக்கு அக்கா பத்தாயம் என்று பெயர் வைத்தாள். நெல் இல்லாத பத்தாயம்.

ஒவ்வொரு பத்தாயத்திலும் ஒரு சின்ன ரேடியோவை அணைக்காமல் விட்டிருப்பார்கள். ஸ்டேஷன் கிடைக்காத ரேடியோவின் மெல்லிய இரைச்சல்தான் துப்பு. அது இடப்பக்கம் இருந்தால் இடது குமிழில் கேட்கும், வலப்பக்கம் என்றால் வலதில். மற்றவர்கள் இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டு ஆடுவார்கள், அவர்களுக்குத் திசை தானாகத் தெரியும். எங்களுக்கு ஆளுக்கு ஒரு காதுதான். அதனால் வாயால் சொல்லிச் சொல்லித்தான் திசை கண்டுபிடித்தோம்.

"என் பக்கம்."

"நன்னா கேக்கறதா, லேசாவா?"

"லேசா. கொஞ்சம் திரும்பேன்."

"இப்போ என் பக்கமும் வந்துடுத்து."

"அப்போ நேரே போ. போடி, பயந்தாங்கொள்ளி."

அம்மா பூஜை அறையிலிருந்து எட்டிப் பார்ப்பாள். "ரெண்டு பேரும் என்னத்தைத் தேடறேள்?" என்பாள். "தோட்டாம்மா," என்பாள் அக்கா, வெண்டைக்காய் என்று சொல்கிற அதே குரலில்.

எனக்கு எதையும் பட்டியல் போடாமல் இருக்க முடியாது. எந்த அறையில் எத்தனை கதவு, எது சாவியில் திறக்கும், எது ஃபியூஸ் போட்டால் திறக்கும், எதற்கு எண் பூட்டு, எல்லாம் கட்டம் போட்டு எழுதிவைப்பேன். அக்கா சிரிப்பாள். அவள் முறை வேறு. கிடைத்ததை எல்லாம் பையில் போட்டுக்கொள்வாள், எதையும் பயன்படுத்தமாட்டாள். ரத்தம் சொட்டச் சொட்ட நொண்டிக்கொண்டு போவோம், பையில் மருந்துக் குப்பிகள் அடுக்கியிருக்கும்.

"ஒண்ணு குடிச்சா என்ன?" என்பேன்.

"பின்னாலே வேணும்டி. கஷ்டம் வரும்போது."

"இதைவிடக் கஷ்டமா?"

"நோக்கு என்ன தெரியும்? பெரிசா ஒண்ணு வரும், பாரு."

இன்னொரு விதியும் அவளுடையது. இணையத்தில் விடையைத் தேடக் கூடாது. பார்த்துவிட்டு ஆடினால் அது பரீட்சையில் காப்பி அடிப்பது மாதிரி என்பாள். இருவருமே அந்த விதியை மீறியதில்லை.

வெள்ளம் புகுந்த பணிமனை என்று ஓர் இடம். அங்கே போவதற்கு முந்திய அறையில், சுவரில் கரியால் மூன்று இலக்க எண் எழுதியிருந்தது. நான் பேனாவைத் தேடினேன். "எழுதாதே. மூணு நம்பரைக்கூட ஞாபகம் வெச்சுக்க முடியாதா? நான் வெச்சுக்கறேன்," என்றாள் அக்கா. நாங்கள் அந்தப் பக்கம் போனதும் பின்னால் கூரை சரிந்து வழி அடைபட்டுவிட்டது. எண் அக்காவின் தலைக்குள் பத்திரமாக இருந்தது. பணிமனைக்குள் ரேடியோ இரைந்துகொண்டிருந்தது. அன்றைக்கு அம்மா அதற்கு மேல் ஆடவிடவில்லை.

மறுநாள் அக்கா தூரமாகிவிட்டாள். எங்கள் வீட்டில் அம்மா அந்த மூன்று நாளில் கறாராக இருப்பாள். அக்கா கூடத்துக்கு வலப்புறம் இருந்த சின்ன அறையில்தான் இருக்க வேண்டும், யாரையும் தொடக் கூடாது. ஆனால் பத்தாயம் அப்படியே காத்திருந்தது. அக்கா அறை வாசற்படிக்கு உள்ளே உட்கார்ந்தாள். நான் பாயை அந்தப் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டேன். நடுவில் இயர்ஃபோன் ஒயர் தொங்கியது. அம்மா வந்து நின்று பார்த்தாள்.

"அது என்னதுடி, நூலா?"

"பிளாஸ்டிக்மா," என்றேன்.

அம்மா யோசித்தாள். பருத்தி என்றால் தீட்டு ஒட்டும். பட்டு, கம்பளி, பிளாஸ்டிக் என்றால் ஒட்டாது. அவளுக்குத் தெரிந்த சாஸ்திரம் அது.

"அப்போ சாரமில்லே, இருந்துட்டுப் போட்டும். அந்த ஆட்டறதை மட்டும் கையில கொடுக்காதே. தரையில வை, அவ எடுத்துக்கட்டும்."

கன்ட்ரோலரைத் தரையில் வைத்து வைத்து எடுத்து ஆடினோம். எனக்கு அடக்க முடியாத சிரிப்பு. அக்கா மட்டும் முகத்தைத் தீவிரமாக வைத்துக்கொண்டு, "தீட்டுத் தோட்டா, தொடாதே," என்றாள்.

இரைச்சல் என் காதில் கேட்டது. "என் பக்கம்," என்றேன். வலப்பக்கம் திரும்பினோம். இரண்டு காதிலும் கேட்டது. நேராக நடந்தோம். நடக்க நடக்கச் சத்தம் குறைந்தது. ஒரு வெறும் சுவரில் போய் முட்டிக்கொண்டோம். திரும்ப வந்தோம். திரும்பவும் என் பக்கம், திரும்பவும் அதே சுவர்.

"நோக்குக் காதுல என்னமோ கோளாறு," என்றாள் அக்கா.

"நோக்குத்தான். நீ சரியாக் கேட்டாத்தானே."

"ஆமாம், நான் செவிடு. நீ போய் உன் லிஸ்ட்டுல எழுதிக்கோ."

மூன்று நாளும் தேடினோம். கிடைக்கவில்லை. கோபித்துக்கொண்டு விட்டுவிட்டோம். அப்புறம் அக்காவுக்கு விசா வந்தது. துணி எடுப்பது, ஊறுகாய் கட்டுவது, சொந்தக்காரர் வீடுகளுக்குப் போய்ச் சொல்லிக்கொள்வது என்று வீடு வேறு ஒன்றாகிவிட்டது. கனடாவுக்குப் போவதற்கு முந்திய வாரம் அவளும் நானும் பஸ் பிடித்துக் கல்லாற்றுக்குப் போனோம். ஜன்னலோரம் அவள். வழியெல்லாம் ஆளுக்கு ஒரு காதாகப் பாட்டுக் கேட்டோம். ஆற்றில் கால் நனைத்தோம். பத்தாயத்தைப் பற்றி இருவருமே பேசவில்லை.

இப்போது எனக்குக் கழக்கூட்டத்தில் வேலை. பிறர் எழுதிய மென்பொருளில் பிழை கண்டுபிடிப்பது. பட்டியல் போடுகிறவளுக்கு ஏற்ற வேலைதான். அக்கா ஞாயிற்றுக்கிழமைகளில் பேசுவாள், அதுவும் நாங்கள் கூப்பிட்டால். அவளுக்குக் காலை, எங்களுக்குச் சாயங்காலம். முதலில் அம்மா, என்ன சமையல் என்று. பிறகு அப்பா, குளிர் எப்படி என்று. கடைசியில் ஃபோன் என் கைக்கு வரும்.

"வேறென்ன?" என்பாள்.

"ஒண்ணுமில்லே. நோக்கு?"

"இங்கேயும் ஒண்ணுமில்லே."

அவள் மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. பேச ஒன்று வேண்டும் என்றுதான் ஏங்கினேன். 'என் பக்கம்' என்று சொன்னால் உடனே பதில் வருகிற ஒரு பேச்சு.

போன மழைக்காலத்தில் ஒரு விடுமுறை நாள் அந்தப் பழைய ஆட்டத்தை எடுத்தேன். நாங்கள் நிறுத்திய இடம் அப்படியே இருந்தது. பணிமனை, முழங்கால் தண்ணீர், பை நிறைய மருந்து. முதல்முறையாக இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டேன். இரைச்சல் இடது காதில் கேட்டது. தெளிவாக, சந்தேகத்துக்கு இடமில்லாமல், அக்காவின் பக்கம்.

கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டுச் சின்ன அறையின் வாசலைப் பார்த்தேன். அந்த மூன்று நாள் அக்கா எனக்கு வலப்புறம் அல்லவா உட்கார்ந்திருந்தாள்? கிட்டத்தில் இருந்த குமிழை அவள் எடுத்துக்கொண்டாள். மிஞ்சியதை நான் மாட்டிக்கொண்டேன். என் காதில் இருந்தது இடது. ஆனால் என் பக்கம் என்றால் வலது என்பதே எங்கள் பழக்கம். யாருக்கும் காதில் கோளாறு இல்லை. இடம் மாறி உட்கார்ந்ததை மறந்துவிட்டோம், அவ்வளவுதான்.

இடப்பக்கம் திரும்பி நடந்தேன். துருப்பிடித்த ரயில் பெட்டிக்குப் பின்னால் ஓர் இரும்புக் கதவு. கதவில் மூன்று சக்கரம் வைத்த எண் பூட்டு.

அடுத்த ஞாயிறு அவள் "வேறென்ன?" என்றதும் சொன்னேன்.

"பணிமனைப் பத்தாயம் கிடைச்சுடுத்து."

பணிமனை எது என்று கேட்பாளோ என்று பயமாக இருந்தது.

"எங்கேடி இருந்தது?"

"உன் பக்கம்."

வாசற்படியையும் ஒயரையும் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் அம்மா சமையலறையிலிருந்து வந்துவிட்டாள். "நூலா பிளாஸ்டிக்கானு மட்டும் பாத்தோமே தவிர, எந்தக் காதுன்னு ஒருத்தரும் பாக்கலே," என்றாள் அக்கா. அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "என்னத்துக்கு இந்தச் சிரிப்பு?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

"நம்பர் சொல்லு," என்றேன்.

"எந்த நம்பர்?"

"நான் வெச்சுக்கறேன்னியே."

"மூணுல ஆரம்பிக்கும்," என்றாள் மெதுவாக. "மிச்சம் போயிடுத்துடி. தேடிப் பாத்துக்கோயேன், எங்கேயாவது போட்டிருப்பா."

"காப்பி அடிக்கப்படாது."

"ஐயோ, இன்னமுமா அது?"

"இன்னமும்தான்."

"சரி, பின்னே ஒண்ணொண்ணாப் போட்டுப் பாக்க வேண்டியதுதான். ஃபோனை வெச்சுடாதே. நான் சொல்றேன், நீ திருப்பு."

நான் ஆட்டத்தைப் போட்டு, இடது குமிழைக் கழற்றி ஃபோன் மைக்கின் மேல் வைத்து ரப்பர் பேண்டால் கட்டினேன். அவளுக்கு இடப்பக்கத்துச் சத்தம் மட்டும் போகும். வலது என் காதில். அவள் எண்ணைச் சொன்னாள், நான் சக்கரத்தைத் திருப்பினேன். சக்கரம் திரும்புகிற சத்தத்துக்கு அந்தப் பேய்கள் வரும். வந்தால் விளக்கை அணைத்துவிட்டுப் பதுங்க வேண்டும்.

"என் பக்கம் ஏதோ நீந்தறது," என்பாள் கனடாவிலிருந்து. அணைப்பேன்.

பூட்டில் இரண்டு சக்கரம்தான் பாக்கி. மொத்தம் நூறு சேர்க்கை. நான் தனியாக உட்கார்ந்தால் ஒரு மதியத்தில் முடிந்துவிடும். என் வேலையே அதுதானே. செய்யவில்லை. சரியான எண் பட்டியலின் அடியில் இருக்க வேண்டும் என்று விரும்பினேன். அந்த ஞாயிறு எண் கிடைக்கவில்லை. அதற்கு அடுத்த ஞாயிறு நாங்கள் கூப்பிடும் முன்பே அவள் கூப்பிட்டாள். அம்மாவிடம் சமையலைக் கேட்டுவிட்டு, "அவகிட்டக் கொடு," என்றாள். "எதுல நிறுத்தினோம்?" என்றாள். சொன்னேன்.

மூன்றாவது ஞாயிறு பூட்டு திறந்தது. திறந்த சத்தம் கேட்டதும், "ஆமாம், இதேதான். இப்போ ஞாபகம் வரது," என்றாள். அவளுக்கு ஞாபகம் வந்தது போல எனக்குத் தோன்றவில்லை. கதவுக்குள் எங்கள் ஆள் குனிந்து ரேடியோவை அணைத்தான். எல்லாப் பத்தாயத்திலும் அப்படித்தான் செய்வான். இத்தனை வருஷம் இரைந்துகொண்டிருந்தது நின்றுவிட்டது.

"நின்னுடுத்தா?" என்றாள்.

"நின்னுடுத்து."

உள்ளே கொஞ்சம் தோட்டா, எண்ணெய், ஒரு குப்பி. எடுக்கப் போனேன். பையில் இடமில்லை என்று வந்தது.

"பை ரொம்பிடுத்து. எல்லாம் நீ சேத்துவெச்ச மருந்து."

"ஒண்ணு குடிச்சுடேன்."

"பின்னாலே வேணும்னியே."

அங்கே கெட்டில் கொதிக்கிற சத்தம் கேட்டது. பிறகு அவள் அதை அணைத்தாள்.

"குடிடி," என்றாள்.

குடித்தேன். எங்கள் ஆள் நொண்டுவதை விட்டு நிமிர்ந்து நின்றான். அவன் நிமிர்ந்து நின்று நான் பார்த்ததே இல்லை. பத்தாயத்தைக் காலி செய்துவிட்டு வெளியே வந்தோம். எதிரே ஒரு சுரங்கம், அதில் நாங்கள் போனதில்லை. இனி அவள் வேறென்ன என்று கேட்பாள், நான் ஒன்றுமில்லை என்பேன் என்று நினைத்துக்கொண்டே வாயில் வரை நடந்து நின்றேன்.

"என் பக்கம் ஒண்ணும் கேக்கலே," என்றேன். "உன் பக்கம்?"

"இரு," என்றாள். "பேசாதே. கேக்கட்டும்."