மிதவைப் பாலத்துக்குப் போன தூண்கள்

கடல்நீரேரிப் பாலத்தின் மேல் குண்டு விழுந்தபோது அண்ணை அதில் சைக்கிளில் வந்துகொண்டிருந்தார். எட்டாம் நாள் சடங்கான அவரது எட்டுச்செலவு முடிந்த மறுநாள் ஊராட்கள் என்னைக் கூப்பிட்டார்கள். உடைந்த இடத்தில் மிதவைப் பாலம் போடவேண்டும். ஆஸ்பத்திரி மறுகரையில் இருந்தது. வள்ளம் கட்டுவது என் தொழில். போனேன். வீட்டில் இருந்தாலும் சும்மாதான் இருந்திருப்பேன்.

தார்ப்பீப்பாக்களை வாயடைத்து, வரிசையாகக் கட்டி, மேலே நடக்கப் பனஞ்சலாகைப் பலகைகள் அடித்தோம். மிதந்தது. ஆனால் ஓரிடத்தில் நிற்கவில்லை. மாரிகாலம். வயல்வெள்ளம் அதைக் கடல் பக்கம் தள்ளியது. வாடைக்காற்று எழும்பினால் எதிர்ப்பக்கம் தள்ளியது. வள்ளத்து நங்கூரங்கள் சேற்றை உழுதுகொண்டு வந்தன. கல் நிரப்பிய சாக்குகளும் அப்படியே. இரண்டாம் நாள் நடுப்பகுதி வளைந்து ஒரு கயிறு அறுந்தது.

சாப்பிடும்போது அண்ணியிடம் இதைச் சொன்னேன். அவர் சோறு போட்டபடியே கேட்டார்.

“பின்வளவிலை கிடக்கிற கொங்கிறீட் தூணுகள் நங்கூரத்துக்குக் காணாதோ தம்பி?”

“அது புதுவீட்டுக்கெண்டு அண்ணை வார்த்ததெல்லே.”

“ஓம். இனி ஆர் கட்டப்போகினம். கொண்டுபோங்கோ.”

காய்ந்த உடுப்பை எடுக்கச் சொல்வதுபோலச் சொன்னார். நானும் தலையாட்டினேன். தூண்களைப் புரட்டியபோது அடியில் கோழி முட்டையிட்டிருந்தது. அண்ணி முட்டைகளைச் சேலைத் தலைப்பில் பொறுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ஒவ்வொரு தூணிலும் பாலத்துக் கயிற்றைக் கட்டி, வள்ளத்தில் ஏற்றி, பாலத்தின் இருபுறமும் தூரத்தில் இறக்கினோம். கயிறு குத்தாக நின்றால் அலை தூணைக் கிளப்பிவிடும். நீளவிட்டால் பாலம் சாய்வாக இழுக்க, தூண் சேற்றில் இன்னும் புதையும். பீப்பாவில் உரசும் இடங்களில் பழைய டயர்த் துண்டுகளைச் சுற்றினேன்.

பின்னேரம் காற்று எழும்பியது. பாலம் முனகியது, கொஞ்சம் அசைந்தது, பிறகு நின்றது.

“நல்லாய் நிக்குது,” என்றார் பக்கத்தில் நின்றவர். ஓம் என்றேன். எனக்குச் சந்தோஷமும் இல்லை, அழுகையும் வரவில்லை.

சில நாள் கழித்து அண்ணி மறுகரையில் இருந்த தாய்வீட்டுக்குப் புறப்பட்டார். பையை நான் தூக்கிக்கொண்டு கூடப் போனேன். நடுவில் நின்று கேட்டார்.

“இந்த இடமோ?”

“கொஞ்சம் அங்காலை.”

சரியென்று நடந்தார். கரையில் பையை வாங்கிக்கொண்டு, “கவனமாய் இருங்கோ தம்பி,” என்றார்.

அன்று தண்ணீர் ஏறியிருந்தது. திரும்பும் வழியில் கயிறுகளை ஒரு முழம் இளக்கிக் கட்டிவிட்டு, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன்.