புறங்கையால் தொட்டுப் பார்த்தவர்

வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்குத் தா.பழூரிலிருந்து போன் வந்தது. பேசியது கலியபெருமாள் அண்ணனின் மகள் மலர்விழி. "அத்தை, அப்பா போயிட்டாங்க" என்றாள். அதற்கு மேல் அவளால் முடியவில்லை. அவள் கணவர் போனை வாங்கிச் சொன்னார். வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனவர் மோட்டார் கொட்டகைக்குள் விழுந்து கிடந்திருக்கிறார். நெஞ்சுவலி. யாரையாவது கூப்பிட்டிருப்பாரோ என்னவோ, மோட்டார் ஓடிய சத்தத்தில் பக்கத்து வயலில் களை எடுத்தவர்களுக்கு எதுவும் கேட்கவில்லை. ஒரு மணி நேரம் கழித்துத்தான் பார்த்திருக்கிறார்கள்.

சிமென்ட் ஆலையில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு அவரை நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. அவர் மின் பராமரிப்பில் சூப்பர்வைசர். நான் ஆய்வகத்தில் இருந்தேன். எந்த இரும்புப் பெட்டியைத் திறப்பதற்கு முன்பும் புறங்கையை வைத்துப் பார்ப்பார். "உள்ளங்கைய வச்சா ஷாக் அடிக்கறப்ப கை புடிச்சுக்கும். புறங்கைன்னா உதறிரும்" என்பார். ஒரு நாள் ஆய்வகத்தை ஒட்டிய பேனல் அறையின் கதவில் கை வைத்துவிட்டு, "எல்லாரும் வெளில வாங்க" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. புதிதாக வந்திருந்த அதிகாரி ஒருவர் சிரித்துக்கொண்டேதான் எங்களோடு வந்தார். நாங்கள் வேப்பமரத்தடிக்குப் போய்ச் சேர்வதற்குள் உள்ளே வெடித்தது. அன்றிலிருந்து, அண்ணன் ஓரிடத்தில் அசையாமல் நின்றாலே நான் கைவேலையை நிறுத்திவிடுவேன்.

என் கணவர் ராஜேந்திரன் பஸ் கண்டக்டராக இருந்தவர். நாள் முழுக்க இரைச்சலில் நின்றவருக்கு வீட்டில் பாட்டு கேட்க ஓர் அறை வேண்டும் என்பது ஆசை. அரியலூரில் வீடு கட்டியபோது பின்பக்கம் பத்தடிக்குப் பத்தடியில் ஒன்று எடுத்தார். சுண்ணாம்புக்கல் லாரிகளின் சத்தமும் தூசியும் வராதபடி கனமான கதவு, ஒரே ஜன்னல். அவருடைய ஆம்ப்ளிஃபையர் யாரோ கையால் செய்து கொடுத்தது. இரண்டு பேர் சேர்ந்துதான் தூக்க முடியும். ஓய்வு பெற்ற மறு வருடம் பக்கவாதம் வந்தது. வலப்பக்கமும் பேச்சும் போயின. மிச்சமிருந்தது இடக்கையும் காதும்தான். கட்டிலை அந்த அறையிலேயே போட்டேன். காலையில் பாட்டு போட்டுக் கதவைச் சாத்திவிட்டு என் வேலையைப் பார்ப்பேன்.

அவரைப் பார்க்க வந்த அண்ணன், "என்ன மாப்ள" என்று இடக்கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து, சூடு பார்ப்பதுபோல் ஆம்ப்ளிஃபையரின் மேல் புறங்கையை வைத்தார். எடுத்தார். மறுபடியும் வைத்தார். அடுப்படிக்கு வந்த பிறகுதான் கேட்டார்.

"இவரு கூப்புட்டா ஒனக்குக் கேக்குமா?"

"அவரால கூப்புட முடியாதேண்ணே."

"அதத்தாம்மா கேக்கறேன்."

கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

அடுத்த வாரம், சூடாகாத ஆம்ப்ளிஃபையர் வாங்கப் பெரம்பலூருக்கு என்னை அழைத்துப் போனார். கடைக்காரர் மினுக்கும் விளக்குகளோடு பெரிய பெட்டிகளாக எடுத்து அடுக்கினார். ஒவ்வொன்றும் எத்தனை நூறு வாட் என்று சொன்னார். "பத்தடி ரூமுல திருவிழாவா நடத்தப்போறோம்? படுத்திருக்கறவரு கேக்கறதுக்குங்க" என்றார் அண்ணன். உள்ளே விசிறி வைத்த ஒன்றைக் காட்டினார்கள். எங்கள் ஊர்த் தூசியில் விசிறி ஆறு மாதத்தில் அடைத்து நின்றுவிடும், நின்ற பிறகு யாருக்கும் தெரியாது என்று அதையும் தள்ளினார். கடைசியில் சாப்பாட்டு டப்பா அளவில் ஒரு பெட்டி வந்தது. டி கிளாஸ் என்றார்கள். அண்ணன் எனக்கு விளக்கினார்: "பழசு, பாட்டு ஓடுனாலும் ஓடாட்டியும் கரண்ட்ட வாங்கிச் சூடா வெளில தள்ளும். இது பாட்டுக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவுதான் வாங்கும்." எங்கள் ஸ்பீக்கர் எத்தனை ஓம் என்று சீட்டில் எழுதி வந்திருந்தார். அதைக் கடைக்காரரிடம் காட்டி, இந்தப் பெட்டி அதைத் தாங்குமா என்று உறுதி செய்துகொண்டார். பிறகு அதே மாதிரி ஸ்பீக்கரை மாட்டச் சொல்லி, ஒரு மணி நேரம் ஓட விட்டு, பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். கடைக்காரருக்கு எரிச்சல். கடைசியில் என் கையைப் பிடித்து அதன் மேல் வைத்தார். வெந்நீர் ஆறிப்போன பாத்திரம் போல இருந்தது.

வீட்டில் அதை மாட்டிப் பாட்டு போட்டதும் என் கணவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். பழைய கனம் அதில் இல்லை. எனக்கு அழுகை வந்தது. "கோவிச்சுக்கட்டும் வசந்தா. கோவிச்சுக்க ஆளு இருக்கணுமில்ல" என்றார் அண்ணன்.

இதற்குப் பிறகு நடந்ததை நான் யாரிடமும் சொன்னதில்லை. அண்ணன் இருந்தவரை அவரும் சொல்லவில்லை. பத்து நாள் என் கணவர் சரியாகச் சாப்பிடவில்லை. பதினோராம் நாள் எதிர்வீட்டுக்காரரைத் துணைக்குக் கூப்பிட்டுப் பழைய ஆம்ப்ளிஃபையரை மறுபடி மாட்டினேன். முதல் பாட்டுக்கே இடக்கை மெத்தையில் தாளம் போட்டது. தூசி படாமல் இருக்கட்டும் என்று அதன் மேல் ஒரு துண்டை மடித்துப் போட்டேன்.

அன்று காலை பத்து மணிக்கு அண்ணன் போன் செய்தார். அறைக்குள் நின்றுதான் பேசினேன். "புதுசு எப்புடி இருக்கு?" என்றார். "நல்லா இருக்குண்ணே." ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்காத நேரம் அது. அடுத்த பாட்டு தொடங்கியதும் "சரிம்மா" என்று வைத்துவிட்டார். நான் கதவைச் சாத்திவிட்டுத் துணி துவைக்கக் கொல்லைக்குப் போனேன்.

பன்னிரண்டு மணி இருக்கும். வாசல் பக்கம் யாரோ ஓடும் சத்தம். நான் ஈரக்கையோடு உள்ளே வந்தபோது அறைக்கதவு திறந்திருந்தது. கறுப்புப் புகை கூரைக்குக் கீழே பாதி உயரம் வரை தொங்கியது. அண்ணன் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, எரிந்துகொண்டிருந்த துண்டை வெறுங்கையால் இழுத்து வெளியே எறிந்தார். பிறகு இரண்டு பேருமாகக் கட்டிலை இழுத்தோம். என் கணவரின் கண்கள் திறந்தே இருந்தன. கட்டில் சட்டத்தைப் பிடித்திருந்த இடக்கை விரல்களை ஒவ்வொன்றாகத்தான் பிரிக்க முடிந்தது. எவ்வளவு நேரமாக அப்படிப் பிடித்துக்கொண்டு என்னை எதிர்பார்த்தாரோ, இன்றுவரை எனக்குத் தெரியாது.

கிணற்றடியில் அண்ணன் கையில் தண்ணீர் ஊற்றினேன். தோல் வழன்று உரிந்திருந்தது. "எப்புடிண்ணே வந்தீங்க?" என்றேன்.

"போன்ல பாட்டு நின்னப்பறமும் உம்முனு கேட்டுச்சும்மா. புதுசுல அந்தச் சத்தம் வராது. பஸ் ஏறிட்டேன். வழியில நாலு தடவ அடிச்சேன், நீ எடுக்கல."

போன் அடுப்படி மேடையில் கிடந்தது. அவர் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது. சின்னப் பெட்டியைத் தேடி எடுத்து மாட்டிவிட்டு, சுவரில் கதவுப்பிடியின் உயரத்துக்கு ஓர் ஆணி அடித்து, இனி கதவைச் சாத்த முடியாதபடி கயிறு கட்டினார். போகும்போது என் கணவரிடம் குனிந்து, "மாப்ள, தங்கச்சி மேல கோவம் வேணாம்" என்றார்.

இப்போது அண்ணன் இறந்துவிட்டதை என் கணவரிடம் சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. கேட்டதும் கண்ணை மூடிக்கொண்டார். மறுநாள் பாட்டு போடப் போனபோது வேண்டாம் என்று தலையசைத்தார். நான்காம் நாள் அவரே இடக்கையை நீட்டிக் காட்டினார். போட்டேன்.

மறைந்தவர்களிடமிருந்து தைரியம் பெற்றதாகத்தான் பலரும் எழுதுகிறார்கள். கலியபெருமாள் அண்ணனிடமிருந்து நான் வைத்துக்கொண்டது பயம். காய்கறிக் கடையில் நிற்கும்போது திடீரென்று பையை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு நடக்கிறேன். கடைக்காரப் பெண் பின்னாலிருந்து கூப்பிடுகிறாள். நான் திரும்புவதில்லை. இதுவரை ஒவ்வொரு தடவையும் வீட்டில் ஒன்றும் ஆகியிருக்கவில்லை. என் கணவரின் மூச்சு சீராக வந்துகொண்டிருக்கிறது. அறையின் வாசற்படியில் நின்று, என் மூச்சிரைப்பு தணியும்வரை அதைக் கேட்கிறேன்.