‘கோ’ என்றால் அழுத்து

அந்த ஹெட்செட்டின் இடது காதுப் பஞ்சு பிய்ந்திருந்தது. மாட்டிக்கொண்டால் காது வலிக்கும், கழற்றினால் அவள் குரல் போய்விடும். அரங்கின் கடைசி வரிசைக்குப் பின்னால் விளக்குப் பலகையின் முன் நான் உட்கார்ந்திருப்பேன். மேடையின் ஓரத் திரைக்குள் என் ரூம்மேட் நிற்பாள். அவள்தான் மேடை மேலாளர். "ரெடி" என்பாள், நானும் "ரெடி" என்பேன். "கோ" என்பாள், பச்சைப் பட்டனை அழுத்துவேன். வெளிச்சம், ஒலி, திரையில் ஓடும் படம் எல்லாமே அந்த ஒரு பட்டனில் மாறிவிடும். ஓரிடத்தில் உட்காராதவள் என்று ஆரணியில் பெயரெடுத்த எனக்கு, அந்த ஓரெழுத்துக்காகக் காத்திருப்பதுதான் பல்கலைக்கழகத்திலேயே கடினமான பாடம்.

படிப்பின் பெயர் நிகழ்த்துகலையும் படைப்புத் தொழில்நுட்பமும். வீட்டில் யார் வாயிலும் அது நுழையவில்லை. "பொண்ணு கம்ப்யூட்டர் வச்சிகினு கூத்து கட்டுது" என்று மாமா ஊரெல்லாம் சொல்லிவிட்டார். ரூம்மேட் வெம்பாக்கத்துக்காரி. நாங்கள் வாயைத் திறந்தாலே வகுப்பு சிரிக்கும், அதற்குமேல் நாங்கள் சிரிப்போம். ஹெட்செட்டில் ‘கோ’ என்ற ஒலியை வீணாக எழுப்பக் கூடாது என்பது விதி. யாராவது கோயில் என்றால்கூட என் விரல் துள்ளும். அதனால் கோயிலைச் ‘சாமி வூடு’ ஆக்கினாள். கோழிக் குழம்பு ‘ரெக்கைக் குழம்பு’ ஆயிற்று.

படிப்பு முடிந்ததும் இருவரும் ஆரணியில் ஒரு விளக்குக் குழு தொடங்குவதாக இருந்தோம். வந்தவாசியிலிருந்து படவேடு வரை எந்த மேடை என்றாலும் எங்கள் வெளிச்சம். குழுவுக்குப் பெயர் வைப்பதிலேயே பல மெஸ் சாப்பாடுகள் ஆறிப்போயின. இறுதி நாடகத்தன்று மத்தியானம், தலை பின்னிக்கொண்டே சொன்னாள்: "சென்னையில ஒரு ஸ்டுடியோவுல கூப்ட்டாங்கடி. சரின்னுட்டேன்." எப்போது என்றுகூட நான் கேட்கவில்லை. அதற்குப் பிறகு ஒத்திகையில் "ரெடி" தவிர ஒரு சொல்லும் என்னிடமிருந்து அவளுக்குக் கிடைக்கவில்லை.

நாடகத்தில் ஒரு கிழவி அகல் விளக்கோடு உட்கார்ந்திருப்பாள். அவளைச் சுற்றித் திரையில் ஆற்று வெள்ளம் மெல்ல ஏறும். கடைசியில் அவள் அகலை ஊதும்போதுதான் அரங்கம் இருள வேண்டும். வெள்ளம் அவள் முழங்காலைத் தொட்டிருந்தது. நான் "ரெடி" சொல்லிவிட்டு, விரலைப் பட்டன்மேல் வைத்திருந்தேன். காதில் அவள் மூச்சு கேட்டது. பிறகு, மிக மெதுவாக, "கோச்சிக்காதடி" என்றாள்.

அந்தச் சொல்லின் மீதி என் காதுக்கு வந்தபோது அரங்கம் இருண்டிருந்தது. ஆறும் போயிற்று, கிழவியும் போனாள். பேச்சின் நடுவே நிறுத்திய நடிகையின் கையில் அகல் மட்டும் எரிந்தது. முன்வரிசையில் யாரோ, "கரண்ட் பூட்ச்சா?" என்றார்கள். காதில் அவள் குரல் கொஞ்சமும் பதறவில்லை: "ஒண்ணுமில்ல. பழைய லைட்டுக்குப் போ. ரெடி?" 

நாடகம் முடிந்து நான் மேடைப் பக்கம் போனபோது பேராசிரியரும் திரைக்குள் வந்து, "யார் அழுத்தினது?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்: "நான்தான் சார் ‘கோ’ சொன்னேன்." அதில் ஒரு எழுத்தும் பொய்யில்லை. அதனாலேயே என்னால் மறுக்க முடியவில்லை. ஊருக்குத் திரும்பும்போது காஞ்சிபுரம் வரை பக்கத்துப் பக்கத்து சீட். அங்கே அவள் வெம்பாக்கம் பஸ்ஸுக்குப் போனாள். திரும்பிப் பார்த்தாளா என்று தெரியாது, நான் ஜன்னலுக்கு மறுபக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

குழுவை நான் தனியாகத்தான் தொடங்கினேன். எங்கள் ஹெட்செட்டில் ‘கோ’ கிடையாது, ‘போடு’தான். போன வாரம் படவேட்டில் திருவிழா மேடைக்கு ஒயர் இழுத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அவள்தான்.

"இன்னாடி பண்ணிகினு கீறே?"

"ஒயர் சுத்திகினு கீறேன்."

"லீவு போட்டுட்டு வரட்டா? ஆளு வேணுமா?"

ஹெட்செட் மடியில் கிடந்தது. காதுப் பஞ்சு புதிது, வலிக்கவே வலிக்காது.

"இன்னும் கோ..." என்று தொடங்கியவள் சட்டென்று நிறுத்திவிட்டாள். அந்தப் பக்கம் சிரிப்பை அடக்குவது கேட்டது. குனிந்து பார்த்தேன். என் விரல் மேடைப் பலகையை அழுத்திக்கொண்டிருந்தது.

"கைய எடுத்துட்டேன்டி," என்றேன். "முழுசா சொல்லு."