வெள்ளிக்கிழமை மெயின் சுவிட்சு

ஏற்காட்டு மூடுபனி ஜன்னல் வழியாக வந்து நாற்காலியில் உட்கார்ந்துகொள்ளும். முப்பத்திரண்டு வயது வரை அதனுடன் ஒரே அறையில் குடியிருந்தேன். கீழே அத்தாவின் ஹார்டுவேர் கடை; அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவேன். மேலே வீடு. பகலெல்லாம் கடையில் ஆணி நிறுத்துக் கொடுப்பேன். மாலையில் படியேறி வந்து, கண்ணுக்குத் தெரியாத சமவெளியைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

தொண்ணூறுகளின் கடைசி. பெங்களூருக்கு வேலை கேட்டு எழுதியிருந்தேன், அத்தாவுக்குத் தெரியாமல். பதில் வந்தால் தனியாகப் படிக்க வேண்டும். அதற்காகத்தான் அந்த வயர்.

போன் கடைக்கு மட்டும்தான். மோடமும் கடைக் கம்ப்யூட்டரில்தான். அது இன்டர்நெட்டைப் பிடித்தால் வயர் வழியாக என் அறைக் கம்ப்யூட்டருக்கும் கொடுக்கும். சேலத்திலிருந்து நீல வயரை மடியில் வைத்துக்கொண்டு, வளைவுகளில் சாய்ந்து சாய்ந்து பஸ்ஸில் வந்தேன். இரண்டு கம்ப்யூட்டரை நேராகச் சேர்க்க, வயரின் ஒரு முனையில் ஆரஞ்சையும் பச்சையையும் இடம் மாற்றிப் பொருத்த வேண்டும். அப்போதுதான் ஒன்று பேசுவது மற்றதன் காதில் விழும். எங்கள் வீட்டில் யாரும் எதையும் அப்படி மாற்றிப் பொருத்தியதில்லை.

பாத்ரூம் ஜன்னல் வழியாக வயரை இறக்கும்போது அத்தா கீழே நின்று அண்ணாந்து பார்த்தார்.

"என்ன கண்ணு, துணி காயப்போடக் கொடி கட்டறயா?"

"இல்லீங்கத்தா. கடையில வர்ற இன்டர்நெட்ட ஊட்டுக்கும் பங்கு போடறேனுங்க."

"பங்கா? நான் இன்னும் உசுரோடதானடா இருக்கேன்!"

வியாழக்கிழமை பதில் வந்தது. வேலை உனக்குத்தான்; நாளை மூன்று மணிக்குள் சம்மதம் எழுது, இல்லாவிட்டால் அடுத்தவருக்கு. ஒரே ஒரு சம்மதம். அதை எழுத எனக்கு ஒரு முழு நாள் வேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை காய்ச்சல் என்று பொய் சொல்லி வீட்டில் தங்கினேன். அத்தா ஜும்ஆவுக்குப் போயிருப்பார், போன் சும்மா இருக்கும், யாரும் எட்டிப்பார்க்க மாட்டார்கள். 'வருகிறேன்' என்று எழுதி அனுப்பும் பொத்தானை அழுத்தினேன். போகவில்லை. மறுபடியும் அழுத்தினேன். பிறகுதான் உறைத்தது. எந்தக் கடையோ எப்போதோ தீப்பிடித்த நாளிலிருந்து, ஷட்டரை இறக்கும் முன் மெயின் சுவிட்சை அணைப்பது அத்தாவின் வழக்கம். மாடிக்குத் தனி மீட்டர். என் கம்ப்யூட்டர் உயிரோடு இருந்தது. அதற்கு மூச்சு கொடுக்கும் கம்ப்யூட்டர் பூட்டிய கடைக்குள் செத்துக் கிடந்தது. சாவி அத்தாவின் சட்டைப்பையில், பள்ளிவாசலில். பொது போனுக்குப் போகலாம்தான். அங்கே பேசியது எனக்கு முன்னால் வீடு வந்து சேரும்.

இரண்டேகாலுக்கு ஷட்டர் ஏறும் சத்தம். ஓடினேன். கடைக் கம்ப்யூட்டர், முறைப்படி அணைக்கவில்லை என்று நீலத்திரையில் குற்றம் சாட்டிவிட்டு, தன்னைத் தானே மெல்லச் சோதித்துக்கொண்டது. அது முடிய இரண்டே முக்கால் ஆயிற்று. டயல் செய்யக் கை நீட்டினேன். போன் அடித்தது. அத்தா எடுத்தார்; எஸ்டேட் கணக்கர்.

"ஏனுங்க ரைட்டரே! மஞ்சக்குட்டையில மழைங்களா? இங்க நொம்ப இல்லீங்க... பஸ் வந்துருச்சுங்களா? ஸ்ப்ரேயருக்கு வாஷர்தானுங்களே, இருக்குதுங்க..."

'போனை வைங்கத்தா.' அவ்வளவுதான் சொல்ல வேண்டும். சொன்னால் ஏன் என்பார். ஏன் என்றால் பெங்களூர். சுவர்க்கடிகாரத்தில் நிமிடமுள் ஏறுவதைப் பார்த்தபடி நின்றேன்.

மூன்று அடித்த பிறகு போனை வைத்தார். "என்ன கண்ணு, முகமே ஒரு மாதிரி இருக்குது? காய்ச்சல் விடலியா?"

"ஒண்ணுமில்லீங்கத்தா. வயரு சரியா இருக்கான்னு பாக்க வந்தேன்."

மூன்றே கால் மணிக்கு என் கடிதம் மலையிறங்கிப் போனது. திங்கட்கிழமை பதில் வந்தது, இரண்டு வரி, வருத்தத்துடன். அதற்குள் அத்தா பஸ் ஸ்டாண்டு முழுக்கச் சொல்லி முடித்திருந்தார்:

"எம்பையன் வயரு போட்டு மேல உக்காந்துக்கிட்டே கடையப் பாத்துக்கறானுங்க. இனி அவன் எங்கயும் போக வேண்டியதில்லீங்க."