கடைசி அடியில் நாலு பேர்

பட்டாளத்திலிருந்து திரும்பி வந்து தேசபக்திப் பாட்டுக்காரர் ஆனவர் அவர். எழுபதுகளில் சங்கரன்கோவில் தேரடியில் எந்தக் கூட்டம் என்றாலும், தலைவர் வந்து சேரும்வரை ஜனம் கலையாமல் இருக்க அவரைத்தான் மேடை ஏற்றுவார்கள். மைக் செட் போடுகிறவன் நான். அவருக்குக் காக்கிச் சட்டை, ஒட்ட வெட்டிய முடி, இடுப்பில் டோலக்கு. எவ்வளவு துள்ளலான பாட்டானாலும் குதிகால் இரண்டும் ஒட்டியே நிற்கும்.

ஒரு சுதந்திர தினத்தன்று மேடையேறுமுன் என்னிடம் வந்தார்.

“வே, பாட்டுல கடைசி அடியில, பட்டாளத்துல எங்கூட இருந்து செத்த நாலு பேரு பேரும் வருது. அப்பம் சத்தத்தைக் கூட்டி வையும். அதுல ஒருத்தனைப் பெத்த அய்யா, பனவடலிசத்திரத்துல இருந்து கேக்க வந்திருக்காரு.”

“ஜமாய்ச்சிருவோம் அண்ணாச்சி” என்றேன்.

அவர் கடைசி அடியை எடுக்கவும் தலைவரின் கார் திரும்பவும் சரியாக இருந்தது. “ஏலே, மைக்கை அமத்து!” என்று கூட்டம் போட்டவர் கத்தினார். நிறுத்திவிட்டேன். நாலு பேரும் வரவேற்பு வெடிச்சத்தத்தில் போனார்கள். முன்வரிசையில் அந்தப் பெரியவர் காதருகே குவித்த கையை எடுக்கவேயில்லை. தலைவர் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, வீரர்களின் தியாகத்தைப் பற்றித்தான் பேச ஆரம்பித்தார்.

பாட்டுக்காரர் மேடையிலிருந்து இறங்கி நேரே என்னிடம் வந்தார். “நாலு பேரு சொல்ல எம்புட்டு நேரம் வே ஆகும்? அவனுவ சாக எடுத்த நேரம்கூட ஆவாதே!”

அடுத்த வருஷமும் கூப்பிட்டார்கள், வந்தார். பெரியவர் வரவில்லை. மைக்கைப் பிடித்ததும் பாட்டைத் தொடங்காமல், பட்டாளத்தில் ஆஜர் கூப்பிடுவதுபோல் நாலு பேரையும் ஊரோடு சேர்த்து உரக்கச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, மைக்கிலேயே சொன்னார்:

“இப்பம் அமத்தும் வே.”

நான் சுவிட்சைத் தொடாமல் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.