மூன்றாம் கதவில் சூசை விட்டது

முதலில் என் கையெழுத்துக்காக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இந்த நினைவு மலருக்காக இதைத் தட்டச்சு செய்யப்போகும் ஜெசிந்தாவிடம் முதலாவதாகக் கேட்கிறேன். சில எழுத்துகள் பெரிதாகவும் சில சிறிதாகவும் இருக்கும். வரிகள் இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே இறங்கிவிடும். 'ஞ' எனக்கு இன்னும் வசப்படவில்லை. அது வரவேண்டிய இடத்தில் சுருண்ட புழு ஒன்று கிடந்தால் அதுதான் 'ஞ' என்று எடுத்துக்கொள் பிள்ளை. ஆனாலும் எல்லா எழுத்தும் நானே எழுதியது. எழுபத்தாறு வயதில் எழுதப் படித்தவன் அதைச் சொல்லிக் கொஞ்சம் சந்தோசப்படலாம்தானே.

சூசைப்பிள்ளை இறந்த செய்தி ஒரு காலையில் தொலைபேசியில் வந்தது. நான் ஸ்காபரோவில், ரூஜ் பகுதியில், மகன் வீட்டு வாசலில் பனி தள்ளிக்கொண்டு நின்றேன். "அங்கிள், அப்பா போயிட்டார்," என்றாள் ஜெசிந்தா. அவள் சூசையின் ஒரே மகள். "சாப்பிட்டியோ பிள்ளை?" என்று கேட்டேன். ஏன் அப்படிக் கேட்டேன் என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு மீதிப் பனியையும் தள்ளி முடித்துவிட்டுத்தான் உள்ளே போனேன்.

அடுத்த வியாழக்கிழமை தமிழ்க் கடையில் இலவசப் பத்திரிகையை எடுத்து, மரண அறிவித்தல் பக்கத்தைத் திறந்தேன். "மன்னாரைப் பிறப்பிடமாகவும், ஸ்காபரோவை வதிவிடமாகவும் கொண்ட" என்று விரலை வைத்து எழுத்து எழுத்தாக வாசித்தேன். யாருடைய உதவியும் இல்லாமல் நான் முதன்முதலாக முழுவதும் வாசித்து முடித்த அறிவித்தல் அவனுடையது. படத்தில் அவனுக்கு முடி நிறைய இருந்தது. சாகும்வரைக்கும் நிறைய இருந்தது. எனக்கு நாற்பது வயதிலேயே கொட்டிவிட்டது.

அவனை அறிந்தவர்களே, இப்படிப்பட்ட மலரில் இறந்தவரின் நல்ல குணங்களை எழுதவேண்டும் என்கிறார்கள். நானும் அதைத்தான் எழுதுகிறேன். ஆனால் அவனிடம் இருந்த நல்லது எல்லாம் எனக்கு எரிச்சலையே தந்தது. அதை மறைத்து எழுதினால் அவனே சிரிப்பான்.

நாங்கள் இருவரும் ஒரே குளிர்காலத்தில் இந்த நகரத்துக்கு வந்து, பார்க்டேல் பகுதியில் ஒரே அறையில் இருந்தோம். ஒரே உணவகத்தில் கோப்பை கழுவினோம். நான் வேகமாகக் கழுவுவேன். அவன் மெதுவாகக் கழுவிக்கொண்டு சமையற்காரருக்குக் கதை சொல்லுவான். இறைச்சித் துண்டு அவனுக்குத்தான் வரும். அவன் அதைப் பாதியாக வெட்டி எனக்குத் தருவான். அவன் எனக்குத் தரவேண்டியிருக்கிறதே என்று எனக்கு அதுவும் எரிச்சல்.

அவனுக்கு வாசிக்கத் தெரியும், எனக்குத் தெரியாது. இதுதான் எல்லாவற்றிலும் பெரியது. சிறு வயதிலேயே புகையிலைத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கப் போனவன் நான். ஊரிலிருந்து எனக்கு வந்த கடிதங்களை எல்லாம் சூசைதான் வாசித்தான். என் மனைவி எழுதிய இனிமையான சொற்களைக்கூட நான் அவன் குரலில்தான் கேட்டேன். நல்ல குரல். மாதா கோயிலில் வாசகம் வாசித்துப் பழகிய குரல்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு ஒவ்வொரு வியாழனும் டோனட் கடையில் சந்திப்போம். அவன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மரண அறிவித்தல்களை முதலிலிருந்து கடைசிவரை வாசிப்பான். பிறந்த இடத்துக்கு ஒரு குரல், வாழ்ந்த இடத்துக்கு ஒரு குரல், மருமக்கள் பெயர்களுக்கு வேறொரு குரல். முடித்ததும் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டுச் சொல்லுவான்: "இண்டைக்கும் நாங்கள் ரெண்டு பேரும் இல்லை மச்சான். இன்னொரு கோப்பி குடிப்பம்."

அவனுடைய எழுபத்தைந்தாவது பிறந்தநாளுக்கு ஜெசிந்தா அவனை மெக்சிகோவுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். "வல்லிபுரமும் வரோணும். இல்லாட்டி நானும் வரமாட்டன்," என்று சொல்லிவிட்டான். வல்லிபுரம் நான்தான். அதனால் மாசிமாதக் குளிரிலிருந்து நானும் கடற்கரைக்குப் போனேன். எனக்கும் இரண்டு ஆண் பிள்ளைகள் இருக்கிறார்கள். நல்ல பிள்ளைகள். என்னைப் பக்கத்து நகரமான மிசிசாகாவுக்கு மேல் எங்கும் கூட்டிக்கொண்டு போனதில்லை.

நாங்கள் தங்கிய இடத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் தெமஸ்கால் என்ற ஒரு சடங்கு நடக்கும். அந்த மண்ணின் பழைய மக்கள் செய்து வருவது. கடலோரத்தில் மண்ணும் கல்லும் சேர்த்துக் கட்டிய, கவிழ்த்த பானை போன்ற ஒரு சிறு குடில். வெளியே நெருப்பில் கற்களைச் சிவக்கக் காய்ச்சி, உள்ளே நடுக்குழியில் போட்டு, மூலிகைத் தண்ணீர் ஊற்றுவார்கள். வாசலைப் போர்வையால் மூடிவிட்டு இருட்டில், ஆவியில் சுற்றி உட்காரவேண்டும். ஜெசிந்தா இதை விளக்கியதும் சூசை கேட்டான்: "உது எங்கட வேது பிடிக்கிறதுதானே பிள்ளை? போர்வைக்குப் பதிலா வீடு."

வேது என்றதும் எனக்கு எண்ணெய் நினைவுக்கு வந்தது. உடம்பில் சூடு ஏறப்போகிறதென்றால் தலைக்கு நல்லெண்ணெய் வைக்காமல் போகலாமா? ஸ்காபரோவிலிருந்து ஒரு சிறு போத்தல் கொண்டுபோயிருந்தேன். அறையில் நின்று உச்சியிலிருந்து உள்ளங்கால்வரை தேய்த்துக்கொண்டு அவனிடமும் நீட்டினேன்.

"எனக்கு வேண்டாம் மச்சான். எங்கட வேதத்திலை சாகேக்கைதான் எண்ணெய். பங்குச் சுவாமி வந்து பூசுவார். அதுக்கு முன்னம் நீ பூசாதை," என்றான்.

"தலை வெடிக்கப்போகுது. பிறகு என்னைக் கூப்பிடாதை."

"முடி இருக்கிற தலை தாங்கும். நீ உன்ரை தலையைப் பார்."

சடங்கை நடத்தியவர் எங்கள் வயதுள்ள ஓர் அம்மா. பிசின் போட்டுப் புகை காட்டினார். குங்கிலியம் மணத்தது. "எங்கட கோயில் மணம்," என்றேன். "எங்கட கோயிலும் உதுதான்," என்றான் சூசை. பிறகு முழங்காலில் நின்று, நெற்றியை மண்ணில் வைத்து, தவழ்ந்து உள்ளே போனோம். நாங்கள் மூவரும், வேறு நாட்டவர் சிலரும். சிவந்த கற்கள் ஒவ்வொன்றாக வந்தன. அவர்கள் அந்தக் கற்களைப் பாட்டிமார் என்று அழைத்து வணக்கம் சொல்லுகிறார்கள். "வாங்கோ பாட்டி, வாங்கோ. கோவிக்காமல் இருங்கோ," என்று சூசை தமிழில் வரவேற்றான். பாஷை தெரியாதவர்களும் சிரித்தார்கள். இருட்டிலும் அவனுக்குச் சிரிக்க ஆட்கள் கிடைத்துவிடுகிறார்கள்.

நான்கு முறை வாசலை மூடித் திறப்பார்கள். ஒவ்வொரு முறையையும் ஒரு கதவு என்கிறார்கள். திறக்கும்போது புதிய கற்கள் வரும். முடியாதவர்கள் வெளியே போகலாம். ஒவ்வொருவரும் அவரவர் பாஷையில் பேசலாம், உள்ளே பேசியதை வெளியே கொண்டுபோகக் கூடாது என்று அந்த அம்மா சொன்னதை ஜெசிந்தா எங்களுக்குத் தமிழில் சொன்னாள். முதற் கதவில் பெயர் சொன்னோம். இரண்டாம் கதவில் அந்த அம்மா தண்ணீரை அள்ளி ஊற்றினார். நான் வைத்த எண்ணெய் முழுவதும் காய்ந்து உருகிக் கண்ணுக்குள் இறங்கியது. துடைத்த கையிலும் எண்ணெய்தான். தோள் எரிந்தது, முதுகு எரிந்தது.

"சூசை, நான் பொரிஞ்சுபோனன்!"

"மணக்குது மச்சான், மணக்குது. கடுகு ஒண்டுதான் குறை."

கதவு திறந்ததும் நான் வெளியே தவழ்ந்துவிட்டேன். ஒரு துவாயைச் சுற்றிக்கொண்டு மணலில் உட்கார்ந்து கண்ணைக் கழுவினேன். உள்ளே மூன்றாம் கதவு தொடங்கியது. ஒவ்வொருவராகப் பேசுவது கேட்டது. பிறகு சூசையின் குரல் வந்தது. குரல் கேட்டதே தவிர, அலை ஓசையில் சொல் பிடிபடவில்லை. நீண்ட நேரம் பேசினான். இடையில் ஜெசிந்தா விம்மியது கேட்டது. எனக்குத் தெரியாமல் அவன் பேசிய பேச்சு என் நினைவில் அது ஒன்றுதான்.

நான்காம் கதவு முடிந்து அவர்கள் வெளியே வந்து நேராகக் கடலுக்குள் போனார்கள். சூசை மல்லாந்து மிதந்தான். அன்று பிறந்த பிள்ளையின் முகம் அவனுக்கு. நான் எண்ணெய்ப் பிசுக்கோடு முழங்காலளவு தண்ணீரில் நின்றேன்.

"உள்ளுக்கை என்ன சொன்னனி?"

"உள்ளுக்கை சொன்னது உள்ளுக்கைதான். நீ ஏன் வெளியிலை வந்தனி?"

திரும்பி வந்த பிறகு அவன் சொன்ன கதை உங்கள் எல்லோருக்கும் தெரியும். எந்தக் கொண்டாட்ட மண்டபத்திலும், "வல்லிபுரத்தை மெக்சிகோவிலை நல்லெண்ணெயிலை பொரிச்செடுத்தது," என்று தொடங்குவான். நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள். ஆனால் மூன்றாம் கதவில் என்ன சொன்னான் என்பதை மட்டும் ஒருநாளும் சொல்லவில்லை. நான் கேட்காத வியாழன் இல்லை.

இன்னொன்றும் நடந்தது. வந்த முதல் வியாழனே பத்திரிகையை என் பக்கம் தள்ளிவிட்டு, "கண் தெரியுதில்லை மச்சான். இனி வாசிக்கேலாது," என்றான். ஆனால் சுவரில் எழுதியிருந்த கோப்பி விலை அவனுக்குத் தெரிந்தது. தெருவுக்கு அந்தப் பக்கம் வந்த பஸ்ஸின் இலக்கமும் தெரிந்தது. எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. கடற்கரையில் ஏதோ வரம் வாங்கிக்கொண்டு வந்து, இப்போது வாசிப்பையும் தனக்கென்று பூட்டி வைக்கிறான் என்று நினைத்தேன்.

அந்தக் கோபத்தில்தான் முதியோர் தமிழ் வகுப்பில் சேர்ந்தேன். அவனிடம் சொல்லவில்லை. எங்கள் ஆசிரியை என் பேத்தி வயதுப் பெண். "ஏன் அங்கிள் இப்ப படிக்க வந்தனீங்கள்?" என்று கேட்டாள். "ஒருத்தனை வயிறெரிய வைக்கோணும்," என்றேன். அவள் சிரித்துவிட்டு 'அ' எழுதித் தந்தாள். முதன்முதலாக ஒரு கடைப் பெயரை நானே வாசித்த அன்று, பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவருக்கும் வாசித்துக் காட்டினேன். அவர் சீனர். அவரும் தலையாட்டினார்.

பிறகு ஒரு வியாழன் சூசையின் முன்னால் பத்திரிகையை விரித்து ஓர் அறிவித்தலை உரத்து வாசித்தேன். இரண்டு வரி தாண்டியதும் வேர்த்துவிட்டது.

"ஆர் உனக்குச் சொல்லித் தந்தது?" என்று கேட்டான்.

"நான்தான். நீ வாசிக்காட்டி எனக்கு வேறை வழி இல்லையோ?"

"பிழையா வாசிக்கிறாய்," என்று சொல்லி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான். பொறாமையில் திருப்புகிறான் என்று எண்ணி நான் அன்று முழுவதும் மகிழ்ச்சியாக இருந்தேன்.

கடைசியாக அவனை மருத்துவமனையில் பார்த்தபோது சுவாமி வந்து போயிருந்தார். நெற்றி பளபளத்தது. "பார் மச்சான், இப்ப எண்ணெய் வைச்சாச்சு," என்றான். "இப்பவாவது சொல்லு, என்ன சொன்னனி?" என்று கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டு சிரித்தான். சாகக் கிடக்கிற ஒருவனிடம் அதற்கு மேல் சண்டை பிடிக்க முடியவில்லை.

அவன் உடலைப் பார்வைக்கு வைத்திருந்த அன்று ஜெசிந்தா என்னை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனாள்.

"அங்கிள், தேர்ட் டோரிலை விட ஏலாத ஒண்டை விடச் சொன்னவை. ஒராள் சிகரெட்டை விட்டார், ஒராள் பழைய கோபத்தை விட்டார். அப்பா உங்களுக்குப் பேப்பர் வாசிக்கிறதை விட்டவர்."

எனக்கு விளங்கவில்லை. "உதிலை விட என்ன கிடக்கு?" என்றேன்.

"அப்பாவுக்கு ஒரு கிழமையிலை அதுதான் அங்கிள் விருப்பமான வேலை. புதன்கிழமை பேப்பரை எடுத்து வீட்டிலை வாசிச்சுப் பழகுவார், பேர் பிழைக்கக் கூடாது எண்டு. 'நான் முந்திப் போனால் உவனுக்கு என்ரை அறிவித்தலை ஆர் வாசிக்கிறது? உவன்தான் வாசிக்கோணும். அதுக்கு நான் இப்பவே நிப்பாட்டோணும்' எண்டு சொன்னவர். சொல்லேக்கை அழுதவர்."

"என்னட்டைச் சொல்லியிருக்கலாமே. படி எண்டு சொல்லியிருக்கலாமே."

"நானும் கேட்டனான். 'சொன்னால் படிக்கமாட்டான். எரிச்சல் வந்தால் படிப்பான். நான் செத்தாப்பிறகு சொல்லு, முன்னம் சொன்னால் படிப்பை விட்டுப்போடுவான்' எண்டவர்."

நான் அவனுடைய பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். முடி வாரிவிட்டிருந்தார்கள். நாற்பது வருடப் பழக்கத்தில், என் எரிச்சல் எவ்வளவு தூரம் ஓடும் என்று என்னைவிட அவனுக்குத்தான் தெரிந்திருக்கிறது. நானாக வென்றேன் என்று நினைத்திருந்த ஒரே ஒரு காரியத்திலும் அவன் முன்னால் போய் நின்றுகொண்டிருக்கிறான். தன்னால் விட முடியாததை அவன் விட்டான். என்னால் ஒரு போத்தல் எண்ணெயை விட முடியவில்லை.

அவனுடையது என்று ஏதாவது எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஜெசிந்தா சொன்னாள். அவனுடைய மூக்குக் கண்ணாடியைக் கேட்டு வாங்கினேன். போட்டுப் பார்த்தேன். எனக்குச் சரியாகப் பொருந்துகிறது. கண் தெரியவில்லை என்று சொன்னவனின் கண்ணாடியில் எனக்கு எல்லா எழுத்தும் தெளிவாகத் தெரிகிறது, 'ஞ' உட்பட.

இன்று வியாழன். டோனட் கடையில் இருந்துதான் இதை எழுதி முடிக்கிறேன். அறிவித்தல் பக்கத்தை முதலிலிருந்து கடைசிவரை வாசித்தேன். பிறந்த இடத்துக்கு ஒரு குரல், வாழ்ந்த இடத்துக்கு ஒரு குரல் என்று வைத்துப் பார்த்தேன். அவனைப் போல வரவில்லை. பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, "இண்டைக்கும் நான் இல்லை மச்சான்," என்று சொல்லி இன்னொரு கோப்பி வாங்கிக்கொண்டேன்.

ஜெசிந்தா ஒரு பக்கம்தான் கேட்டாள். அவன்மேல் எனக்கு இருக்கும் பொறாமை ஒரு பக்கத்தில் அடங்காது பிள்ளை. அவன் பாட்டுப் பாடுவதை இன்னும் தொடவே இல்லை. வருகிற வியாழனும் அந்தப் பக்கத்தில் என் பெயர் இல்லாவிட்டால், இதே மேசையில் இருந்து மீதியை எழுதுகிறேன்.