அடுப்படிப் பலகைச் சுவர்

கம்போங் ராஜா ஊர்க் கடையொன்றில் மாட்டுக்கு நக்கக் கொடுக்கும் உப்புக்கட்டியைப் பார்த்ததும் என் நாக்கு தானாக வெளியே நீண்டது. கடைக்காரர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பழக்கம்தான்.

சின்ன வயதில், லெம்பா பெர்த்தாம் பள்ளத்தாக்கில், பிற்பாடு வெள்ளத்தில் சேறு வந்து மூடிய எங்கள் தோட்டத்து வீட்டில், மனிதருக்கும் மாட்டுக்கும் ஒரே தகரக் கூரை. மலைக்குளிரில் மாட்டின் சூடு வீட்டுக்குள் வரட்டும் என்று தாத்தா அடுப்படியையும் கொட்டகையையும் ஒற்றைப் பலகைச் சுவரால் மட்டும் பிரித்திருந்ததால், சூட்டோடு சாணி வாசமும் அசைபோடும் சத்தமும் புஸ்ஸென்ற மூச்சும் இடுக்கு வழியே வந்துகொண்டே இருக்கும். அந்தச் சுவரோரம் மூடியில்லாத மரப்பெட்டியில் இருந்த கல் உப்போ குறைந்துகொண்டே போனது. நான்தான் புளியோடு சேர்த்துத் தின்கிறேன் என்று அம்மா என்னைச் சந்தேகப்பட்டார். நான் அக்காவைச் சந்தேகப்பட்டேன். அக்கா எங்கள் இருவரையும்.

பள்ளி விட்டு வந்ததும் சோதனை நடக்கும்.

"நாக்க நீட்டுடா."

"நான் திங்கலம்மா, சத்தியமா லா!"

"நீட்டுன்னா நீட்டு."

அப்படி ஒருநாள் நான் நாக்கை நீட்டி நின்றபோது, பலகை இடுக்கிலிருந்து இன்னொரு நாக்கு, என்னுடையதைவிட நீளமாக, சொரசொரப்பாக, யாரும் நீட்டச் சொல்லாமலே வந்து உப்புப் பெட்டியைத் துழாவியது. அம்மா இரண்டு நாக்கையும் மாறி மாறிப் பார்த்தார். நான் நெஞ்சை நிமிர்த்தினேன்.

"சரி, உப்பத் தின்னது நம்ம செவல மாடு. அப்ப மேத்தட்டுல இருந்த சீனிய?"

மாடு நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டது. நானும்தான்.